பரிவுக்கு முழு மதிப்பெண்

மருத்துவம் தொழில் அன்று. அது ஓர் அழைப்பு. மனித குலத்தின் துயரம் தனக்கு வேண்டியவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். கூப்பிடப்பட்டவன் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவான். ரஸ்ஸல் டட்டிலை அது முப்பத்தெட்டாவது வயதில், ஒரு கார்ப்பெட் கடையின் பின்னறையில் வைத்துக் கூப்பிட்டது. அவரும் கையில் இருந்த சாம்பிள் துண்டுகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அதற்குள் துயரம் அவருடைய பழைய மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு, ராங் நம்பர் என்று வைத்துவிட்டது.

பத்தொன்பது வயதில் ரஸ்ஸல் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். வேதியியல் வகுப்பு காலையில். டிரம்ஸ் வாசிக்கிறவனுக்குக் காலை என்று ஒன்று கிடையாது. வகுப்புக்குப் போகாததோடு நிற்காமல், பெயரை எடுத்துவிடும்படி எழுதிக் கொடுக்கவும் மறந்துபோனார். ஃபெயில் என்பதற்கு எஃப் போட்டார்கள். பிறகு குழு கலைந்தது, முடி கொட்டியது, கல்யாணம் ஆயிற்று. எஃப் மட்டும் அன்றைக்குப் பார்த்த மேனிக்கு அழியாமல் இருந்தது. எங்கள் ஓஹையோ மாநிலத்தில் கொலை செய்தவன்கூட நன்னடத்தையைக் காட்டிப் பரோலில் வெளியே வரலாம். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறவன் மட்டும் எந்தக் காலத்தில் எந்தக் கல்லூரி வாசலை மிதித்திருந்தாலும் அங்கே வாங்கியதையெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். ரஸ்ஸல் மாலை வகுப்பில் சேர்ந்து, தன்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அதே வேதியியலை மறுபடி படித்து ஏ வாங்கினார். இரண்டையும் கூட்டி வகுத்து சி என்றார்கள்.

“திரிஞ்ச பால்ல நல்ல பாலை ஊத்துன கதையாயிடுச்சு பெவ்” என்றார் என்னிடம். “ஊத்துனதும் வீணாப் போச்சு.”

பெவ் என்பது நான். பெவர்லி. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். இப்போது எங்கள் ஊர் மருத்துவக் கல்லூரியில் நோயாளியாக வேலை பார்க்கிறேன். நிஜ நோயாளி அல்ல, நடிப்பு நோயாளி. மாணவர்கள் நிஜ மனிதர்களிடம் போவதற்கு முன்னால் எங்களிடம் பழகிக்கொள்வார்கள். முதுகுப்பக்கம் திறந்து கிடக்கும் கவுனைப் போட்டுக்கொண்டு, காகிதம் விரித்த கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அன்றைக்குக் கொடுத்த நோயைச் சொல்ல வேண்டும். மாணவன் கதவைத் தட்டினானா, கையைச் சுத்தம் செய்தானா, கண்ணைப் பார்த்துப் பேசினானா என்று பிறகு மதிப்பெண் போட வேண்டும். வலிக்கிறது என்று நாங்கள் சொன்னதும், “அது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்” என்று அவன் சொன்னால் பரிவுக்குத் தனி மதிப்பெண் உண்டு. சொல்லும்போது அவன் கடிகாரத்தைப் பார்த்தாலும் உண்டு.

விண்ணப்பத்தில் அனுபவம் என்ற இடம் காலியாக இருந்ததால் ரஸ்ஸல் இந்த வேலைக்கு வந்தார். வந்தவருக்கு வேலை பிடித்துப்போயிற்று. கொஞ்சம் அதிகமாகவே பிடித்துப்போயிற்று. வலி நடிப்பதில் எங்களில் கைதேர்ந்தவர் அவர்தான் என்று ஆனது. புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது. ஜூலை சுதந்திர தின விருந்தில் மச்சினன் இறைச்சி வாட்டிக்கொண்டே நெஞ்சைத் தடவினால் போதும், ரஸ்ஸல் பீர் டப்பாவைக் கீழே வைத்துவிடுவார்.

“எரியுதா, அழுத்துதா? முதுகுப் பக்கம் போகுதா?”

“ஏப்பம்டா வருது. ஆளை விடு.”

“எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. நான் இந்த நோய்ல பதினெட்டு தடவை கெடந்திருக்கேன்.”

“அத்தனை தடவையும் சாயங்காலம் எந்திரிச்சு வீட்டுக்கு வந்துட்டியே!” என்பாள் அவர் மனைவி டாரா. “எந்த டாக்டர் குணப்படுத்துனான்னு சொல்லு, உன் மச்சினனையும் அவன்கிட்டயே கூட்டிட்டுப் போவோம்.”

எங்கள் கல்லூரியின் சேர்க்கைத் தலைவர் டாக்டர் லிண்டன் ஹேவர். வருடா வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு கூட்டம் போட்டு, விண்ணப்பிக்க வந்தவர்கள் முன்னால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார். “நாங்க மார்க்கைப் பாக்குறதில்ல. மனுஷனைப் பாக்குறோம். முழு மனுஷனை.” கேட்பவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். இதில் அவர் சொல்லாமல் விடுவது ஒன்றே ஒன்றுதான். மனுஷனை அவர் பார்ப்பதற்கு முன்னால், ஒரு கணினி அவனுடைய சராசரியைப் பார்த்துவிடும். கணினிக்குப் பிடித்த மனுஷர்களை மட்டும் அவர் முழுதாகப் பார்ப்பார்.

விண்ணப்பித்த முதல் இரண்டு வருடமும் ரஸ்ஸலைக் கணினியோடு நிறுத்திக்கொண்டார்கள். ‘தங்கள் வாழ்க்கைப் பயணம் எங்களை நெகிழச் செய்தது’ என்று பதில் வந்தது. மின்னஞ்சல் வந்த நேரத்தைப் பார்த்தால், விண்ணப்பத்தைத் திறக்கும் முன்பே நெகிழ்ந்துவிட்டது போலத் தெரிந்தது.

“நெகிழ்ந்தாங்களாம்!” ரஸ்ஸல் கல்லூரிச் சாப்பாட்டு அறையில் கரண்டியைப் போட்டார். “நான் என்ன பாட்டா பாடுனேன், நெகிழுறதுக்கு? இங்க வர்ற பொடியனுங்களுக்குப் பரிவு இருக்கா இல்லையான்னு நான் மார்க் போடணுமாம். ஆனா அவனுங்களோட சேர்ந்து உக்கார எனக்கு லாயக்கு இல்லையாம். இது எந்த ஊரு நியாயம்?”

“இந்த ஊரு நியாயம்தான். சூப்பைக் குடி, ஆறிப்போகுது” என்றேன்.

மூன்றாம் வருடம் அவருக்குக் கடைசி வருடம். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பால் பாக்கெட் மாதிரி தேதி உண்டு. அந்த வருடத்தோடு காலாவதி. அந்தத் தேர்வை அவர் எழுதிய வருடத்தில் டாரா இரண்டு ஆள் வேலையை ஒற்றை ஆளாகப் பார்த்தாள். பையன் அப்பாவின் முதுகை மட்டும் பார்த்து வளர்ந்தான். “இன்னொரு தடவை அதை எழுதுறேன்னு சொன்னே, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்” என்று டாரா சொல்லியிருந்தாள். அவளுடைய அம்மா அரிசோனாவில் ஒரு டிரெய்லர் வண்டி வீட்டில் ஏழு நாய்களோடு இருப்பவள். அங்கே போகிறேன் என்று ஒருத்தி சொன்னால் அது விளையாட்டுப் பேச்சாக இருக்க முடியாது.

அந்த வருடம் என்ன ஆயிற்றோ, கணினி கண்ணயர்ந்துவிட்டது. நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள்.

எங்கள் கல்லூரியில் நேர்முகம் என்றால் மேஜைக்கு அந்தப் பக்கம் நாலு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பது அல்ல. வரிசையாக அறைகள். மணி அடித்தால் ஓர் அறைக்குள் போக வேண்டும். உள்ளே ஏதாவது ஒரு சங்கடம் காத்திருக்கும். மறுபடி மணி அடித்தால் வெளியே வந்து அடுத்த சங்கடத்துக்குப் போக வேண்டும். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். சங்கடமாக உட்காருவது எங்களில் ஒருவர். மூன்றாம் அறைச் சங்கடமாக என்னைப் போட்டிருந்தார்கள். மருத்துவருக்காக அரை நாள் காத்திருக்கும் பெண் நான். விண்ணப்பதாரர், மருத்துவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்பதை என்னிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நான் கத்த வேண்டும். அவர் தாங்கிக்கொள்ள வேண்டும்.

எந்த அறையில் என்ன என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நான் சொல்லவில்லை. ஆனால் ரஸ்ஸல் ஒத்திகைக்குக் கூப்பிட்டபோது, பொதுவாக ஒரு வயிற்றுவலிக்காரியாக அவர் வீட்டு சோபாவில் படுத்துக் கொடுத்தேன்.

“நீ டாக்டர். நான் நோயாளி. கேளு.”

“எங்க வலிக்குது?”

“இங்க. ஐயோ, அம்மா.”

“பெவ், அது அல்சருக்குப் பிடிக்கிற இடம். பித்தப்பைன்னா கொஞ்சம் மேல, வலது விலாவுக்கு அடியில. எந்திரிங்க, நான் காட்டுறேன்.”

சோபாவில் அவர் படுத்தார். அன்று ஒத்திகை முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. கேள்விகளை நான்தான் கேட்டேன். எத்தனை வருடமாக மாணவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள், மனப்பாடம்.

நேர்முகத்தன்று காலையில் சர்ச்சுக்குப் போடும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்றாம் அறையில் உட்கார்ந்தேன். வழக்கமாக நாங்கள் வேலை பார்க்கும் அதே அறை. அதே கட்டில், அதே காகிதம், எனக்கு ஒரு நாற்காலி, விண்ணப்பதாரருக்கு ஒரு சக்கர ஸ்டூல். மணி அடித்தது. கதவு தட்டப்பட்டது. ரஸ்ஸல் புது சூட்டில் உள்ளே வந்தார். கையைச் சுத்தம் செய்தார். பெயரைச் சொன்னார். எல்லாம் கச்சிதம்.

பிறகு உட்கார இடம் பார்த்தார்.

அந்தச் சக்கர ஸ்டூல் மாணவர்களுடையது. நோயாளி அதில் உட்காரக் கூடாது என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம். ரஸ்ஸலின் பார்வை ஸ்டூலைத் தொட்டது, தயங்கியது, நகர்ந்தது. மனுஷன் நேரே போய்க் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். காகிதம் நொறுங்கியது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொடுத்த வசனத்தைச் சொன்னேன். “காலையிலேருந்து காத்துட்டிருக்கேன்! டாக்டர் எங்க?”

நான் போட்ட கத்தலில் அவர் முகம் வெளுத்தது. என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். கை தானாகப் போய் வலது விலாவுக்கு அடியில் உட்கார்ந்தது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. அது நடிப்பா நிஜமா என்று எனக்குப் புரியவில்லை, அவருக்கும் புரிந்திருக்காது. பயந்துபோய், பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரருகே உட்கார்ந்தேன்.

“ரஸ், எங்க வலிக்குது?”

கேட்டதுதான் தாமதம், அவர் பிசிறில்லாமல் ஆரம்பித்தார். “வலது பக்கம், விலாவுக்குக் கீழ. நேத்து சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பிச்சது. தோள்பட்டை வரைக்கும் போகுது.”

“பத்துக்கு எத்தனை சொல்லுவே?”

“எட்டு.”

“அது உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்” என்றேன். நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது.

மணி அடித்தது. ரஸ்ஸல் கட்டிலைப் பார்த்தார். தன் ஷூவைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

“நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்?” என்றார் மெதுவாக.

“எந்திரிச்சு அடுத்த ரூமுக்குப் போ” என்றேன். “போ, போ.”

குளிர்காலம் முடியும்போது, அவருடைய பயணம் மூன்றாவது முறையாகக் கல்லூரியை நெகிழச் செய்தது. இந்தத் தடவை நேர்முகம் வரைக்கும் வந்தவர் என்பதால், எங்கே சறுக்கியது என்று தொலைபேசியில் சொல்வார்கள். அது அவர்கள் மரபு. ரஸ்ஸலுக்கு எங்கே சறுக்கியது என்று தெரியும். இருந்தாலும் அதை டாக்டர் ஹேவர் வாயால் கேட்டுத் தொலைத்துவிட்டால் நிம்மதி என்று நேரம் வாங்கினார். நான் ஒரு ஆப்பிள் கேக் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். டாரா ஸ்பீக்கரைப் போட்டாள்.

“மிஸ்டர் டட்டில்! முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்த மூணாவது ரூம் இருக்கே…”

ரஸ்ஸல் கண்ணை மூடிக்கொண்டார்.

“அன்னைக்கு அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி நான்தான் இருந்தேன். காபி எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிட்டீங்க. ஆனா பாத்த வரைக்கும்… என்ன பொறுமை! அந்த ஆள் கட்டில்ல கெடந்து துடிக்கிறார், நீங்க ஸ்டூலை இழுத்துப் போட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, எங்க வலிக்குதுன்னு கேட்டீங்க பாருங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு, மூக்குக் கண்ணாடியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டேதான் பாத்தேன். பரிவுக்கு முழு மார்க். இந்த வருஷம் வேற யாருக்கும் நான் குடுக்கல.”

டாரா என்னைப் பார்த்தாள். நான் கேக்கைப் பார்த்தேன்.

“நோயாளிக்கு சூட் போட்டு விட்டது நல்ல புதுமை” என்றது ஸ்பீக்கர். “ஆனா அந்த நடிகர்தான் கொஞ்சம் ஓவர். பித்தப்பை வலி அப்படி இருக்காது. பயிற்சி குடுக்கச் சொல்லி எழுதிட்டேன்.”

ரஸ்ஸலின் காது சிவந்தது. முந்தின எந்த நிராகரிப்புக்கும் அது அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. “எப்படி இருக்காது?” என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. டாரா அவர் முழங்கையை அழுத்தினாள்.

“அப்போ… நான் ஏன் செலக்ட் ஆகல, டாக்டர்?”

“ஆ, அது. உங்களோட அந்தப் பழைய வேதியியல் எஃப்.” டாக்டர் ஹேவரின் குரல் தழுதழுத்தது. “நாங்க முழு மனுஷனைப் பாக்குறவங்க மிஸ்டர் டட்டில். அதுவும் அந்த மனுஷன்ல ஒரு பகுதிதானே? மனசை விட்டுடாதீங்க. தேர்வை மறுபடி எழுதுங்க.”

“சரிங்க டாக்டர். நன்றி.”

வைத்துவிட்டார்கள்.

“அந்த ரூம்ல ஸ்டூல்ல உக்காந்திருந்தது யாரு, கட்டில்ல கெடந்தது யாருன்னு சொல்லியிருக்கலாம்ல?” என்றாள் டாரா.

“சொன்னா அந்த முழு மார்க்கும் போயிடும்.”

“அதை வெச்சு என்னடா பண்ணப் போறே?”

“அடுத்த வருஷம் விண்ணப்பத்துல போடலாம்.” சொல்லிவிட்டு அவசரமாகத் தட்டில் கேக்கை வெட்டிப் போட்டுக்கொண்டார். டாரா எழுந்து போய்த் தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். பின்னால் நாய்கள் குரைப்பது எங்களுக்குக் கேட்டது.

“அந்த ஆளுக்குக் கண்ணு இருக்கா பெவ்?” என்றார் ரஸ்ஸல் வாய் நிறையக் கேக்கோடு. “என்னோட பித்தப்பை ஓவராம்!”

பணிப் பட்டியலில் மூன்றாம் அறை என் பெயரில் இருந்தது. அடுத்த வாரம் வலி நடிப்புப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்தவர் ரஸ்ஸல்.