பிர்தௌஸின் இடது இடுப்பு

நசீர் அகமது பக்கவாதத்தில் படுத்த சில மாதங்களில் அவர் மனைவி பிர்தௌஸுக்கு இடது இடுப்பில் வலி தொடங்கியது. பிட்டத்தின் பக்கவாட்டில் எடுத்துத் தொடைவரை இறங்கும். படியேறினால் உயிர் போகும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவே முடியாது. முதுகில் ஜவ்வு விலகியிருக்கிறது என்று ஒரு டாக்டர் பெல்ட் போடச் சொன்னார். இன்னொருவர் ஊசி போட்டார். கொஞ்ச நாள் அடங்கியிருந்து மறுபடியும் வந்தது.

வேங்கிக்கால் ஊரில் பிசியோதெரபி பார்க்கும் ஆர்த்தி, அவளை இடது காலில் மட்டும் நிற்கச் சொன்னாள். நிற்க முடியாமல் பிர்தௌஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பின் பக்கவாட்டு எலும்பின்மேல் ஆர்த்தியின் விரல் அழுந்தியதும் கண் கலங்கிவிட்டது.

“முதுகு இல்லம்மா. சதையை எலும்போட பிடிச்சு வச்சிருக்கற நாண் நைஞ்சிருக்கு. வீட்ல எதுனா வெயிட் தூக்கறீங்களா?”

“வீட்டுக்காரரத்தான். ராத்திரில பாத்ரூமுக்கு.”

“தனியா தூக்கறத கம்மி பண்ணுங்க. முட்டிக்கு நடுவுல தலகாணி வச்சு வலது பக்கம் படுங்க. கால் மேல கால் போடாதீங்க. நான் சொல்லித்தர்ற பயிற்சிய மெதுவா செய்யுங்க. சரியாவ மாசக்கணக்காவும்.”

அன்று கஞ்சி ஊட்டும்போது எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னாள்.

“என்னாலதானா?” என்றார் அவர் குழறலாக.

“அதெல்லாம் இல்லீங்க.”

அதன்பிறகு இரவில் அவர் கூப்பிடுவது குறைந்தது. உடம்பு தேறுகிறது என்று அவள் நினைத்தாள். அவள் வலியும் மெல்லத் தணிந்துவந்தது.

சித்திரை வெயிலில் அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. சிறுநீரில் தொற்று, ரத்தத்திலும் ஏறிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். “தண்ணியே குடிக்கறதில்லியா இவரு?” என்று நர்ஸ் கேட்டார்.

மத்தியானத்துக்கு மேல் டம்ளரை நீட்டினால் அவர் வாயை மூடிக்கொள்வார். தாகமில்லை போல என்று அவள் விட்டிருந்தாள்.

“ஏங்க, ஏன் குடிக்கல?”

அவர் வாதம் தாக்காத கையை நகர்த்தி அவள் இடுப்பில் வைத்தார். வெள்ளிக்கிழமை விடியலில் இறந்துபோனார்.

கணவர் இறந்தபின் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தவளை, விஷயம் தெரியாத ஆர்த்தி போனில் கூப்பிட்டாள்.

“வலி எப்படிம்மா இருக்கு?”

“ரொம்ப கம்மி மேடம்.”

“பயிற்சிய மட்டும் விட்டுடாதீங்க. விட்டா திரும்பி வந்துடும்.”

“சரி மேடம்” என்றாள் பிர்தௌஸ். அன்றோடு பயிற்சியை விட்டுவிட்டாள்.