தங்கூஸ் வலையில் ஐந்து விரல்

வௌவாலைப் பற்றி றிஃப்னாவோடு வாதாடப் போய் வென்று வந்தவர் எவரும் இல்லை. கற்பிட்டியில், முஸம்மிலின் வெங்காயக் கொட்டிலுக்குள் தொங்கும் இருநூற்றுச் சொச்சம் சின்ன வௌவால்களைப் பல்கலைக்கழக ஆய்வுக்காக மூன்று வருடமாக எண்ணி வருகிறவள் அவள். ஆய்வு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. முஸம்மிலின் பொறுமையோ அன்றோடு முடிந்துவிட்டது.

"நாளைக்குத் தேங்காப் பொச்சு மூட்டிப் புகை போடப் போறன் தங்கச்சி. விதை வெங்காயம் பூரா எச்சம். குருவிச் சாதிக்கு ஊரெல்லாம் மரம் இரிக்கி, போய்த் தொங்கட்டும்."

"குருவி இல்ல நானா, பால் குடுக்கிற சாதி. ஐஞ்சு கோடி வருசத்துக்கு முன்னயே பறக்கத் தொடங்கிட்டிது. நம்மட மாதிரிக் கைதான், விரல் நீண்டு செட்டையாகிட்டிது."

"கை செட்டையானத ஆரு கண்ட?"

"பாதி கை, பாதி செட்டையா இருந்ததுட எலும்பு இன்னும் கிடைக்கல்ல. ஆனா கையப் பார்த்தா விளங்கும்."

அவள் அண்ணன் முறை வைத்து 'நானா' என்றழைக்கும் முஸம்மில் சிரித்தார். இருபது வருடம் கடலுக்குப் போய்விட்டு வெங்காயத்துக்கு வந்த மனிதர். கண்ணால் காணாத எதுவும் அவரிடம் எடுபடாது. அந்தச் சிரிப்பில் றிஃப்னாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. வாயை விட்டாள்.

"சத்தம் போட்டு, அது பட்டுத் திரும்பி வாறத வச்சு வழி பார்க்கிற உயிர் இது. உங்கட தங்கூஸ் வலைய வாசல்ல கட்டுங்க. ஒண்டு பட்டாலும் புகை போடுங்க. ஒண்டும் படாட்டி, என்ட ஆய்வு முடியும்வரைக்கும் இந்தப் பக்கம் பொச்சு வரக்கூடாது."

"சொன்ன சொல்லு?"

"சொன்ன சொல்லுதான்."

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, முஸம்மில் கண்ணுக்குத் தெரியாத அந்த மெல்லிய நைலோன் வலையை வாசல் நிறையக் கட்டினார். பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்குப் பிறகு கூரைக்குள் கீச்சுச் சத்தம் எழும்பியது. றிஃப்னா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பயம் என்ற பேச்சே இல்லை.

முதல் வௌவால் நேரே வந்து வலையில் விழுந்தது.

அவளுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. தினமும் போய்வரும் வாசலில் யார்தான் காதைத் தீட்டிக்கொண்டு போவார்கள்? பழக்கத்தை நம்பிப் பறந்திருக்கிறது. இதையும் அவள் படித்திருந்தாள்; வாய் முந்திக்கொண்டதில் புத்தி பின்தங்கிவிட்டது. மூன்று வருட உழைப்பு கண்முன்னே போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் கெஞ்சுகிற பெண் இல்லை அவள்.

"நீங்க வெண்டிட்டீங்க நானா," என்று தோல் கையுறையை மாட்டினாள். "டோர்ச்சப் புடிங்க. நோகாம எடுக்கணும்."

வெளிச்சத்தில் செட்டை விரிந்து கிடந்தது. முழங்கை, மணிக்கட்டு, தோலுக்குள் நீண்டு போன நான்கு விரல்கள். குட்டிப் பெருவிரல் மட்டும் வெளியே நீண்டு, நகத்தால் வலை நூலைப் பற்றியிருந்தது. நெஞ்சில் மயிர் முளைக்காத குட்டியொன்று ஒட்டிக்கொண்டு பால் குடித்தது. முஸம்மில் விரல்களை எண்ணினார். பிறகு டோர்ச் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார்.

"ஓங்கிலும் இப்பிடிச் சத்தம் போட்டுத்தானே கடலுக்க வழி பார்க்கிற?"

"ஓம் நானா, டொல்பினும் அப்பிடித்தான். ரெண்டும் வேற வேற வழியால வந்து அதே வித்தையப் படிச்சிரிக்கி."

"ஓங்கிலுக்கும் எல்லாம் தெரியும். எண்டாலும் ஒரு நாளைக்குக் குட்டியோட வந்து வலையில படும்."

அவருடைய படகில் ஒரு வழக்கம் இருந்தது: ஓங்கில் பட்டால் வலையை இழுப்பதில்லை, வெட்டுவார்கள். அவர் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

"நானா, நான் அவிழ்க்கிறன். புது வலை!"

அதற்குள் வௌவாலைச் சுற்றியிருந்த நூல்களை அறுத்துவிட்டு, வலையை மேலிருந்து கீழ்வரை கிழித்துவிட்டார். தாய் கையுறையில் ஏறி, மூச்சு வாங்கி, குட்டியோடு எழும்பிப் போனது. பின்னால் மற்றவை கிழிசல் வழியாக வெளியே கொட்டத் தொடங்கின.

"பந்தயத்தில நீங்கதானே வெண்ட?" என்றாள் றிஃப்னா.

"ஓம், வெண்டது நான். அதால இனி நான் சொல்றதுதான். நாளைக்கு ஒரு தறப்பாள் கொண்டு வா, வெங்காயத்தில விழாமக் கூரைக்குக் கீழ விரிச்சுக் கட்டுவம். எச்சம் பாத்திக்குப் பசளையாப் போகட்டும். இப்ப கதைக்காத."

"ஏன் நானா?"

"நாப்பத்தேழு, நாப்பத்தெட்டு..." பறந்து போகிறவற்றை முஸம்மில் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தார்.