ஃப்ரீசரில் வைத்த புஷ்

மண் தோண்டும் பழைய எக்ஸ்கவேட்டர் ஒன்று பட்டறைக்கு வந்தது. வாங்கியவர் கூடவே வந்திருந்தார். மேலே புது மஞ்சள் பெயின்ட் பளபளத்தது. பக்கெட்டைத் தரையிலிருந்து தூக்கச் சொன்னேன். மொத்தமும் முதலில் ஒரு பக்கம் டக்கென்று சரிந்து, பிறகுதான் எழுந்தது. வெளியே மாப்பிள்ளைக் களை, உள்ளே மூட்டு வலி.

"லேசான ஆட்டம்தானே அண்ணே?" என்றார்.

"கழட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

கழற்றியது நானும் என் மச்சினனும். அவன் என் மனைவியின் தம்பி, வெல்டிங் எல்லாம் அவன் பொறுப்பு. பக்கெட்டை வண்டியின் கையோடு சேர்க்கும் 'பின்' என்ற இரும்புத் தண்டு லேசில் வருவதாக இல்லை. சூடு காட்டி, சம்மட்டியால் போட்டு வெளியே எடுத்தால், முழங்கை தடிமன் இருக்க வேண்டிய இரும்பு நடுவில் தேய்ந்து இடுப்பு விழுந்து கிடந்தது. பின்னைச் சுற்றிச் சட்டை மாதிரி இருக்கும் வளையத்தைப் புஷ் என்போம். இரண்டு புஷ்ஷும் ஒரு பக்கம் காகிதமாகத் தேய்ந்து, அவை உட்காரும் துளைகளே முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டன. கிரீஸ் போகிற வழியில் மண் அடைத்துக் கல்லாகியிருந்தது. கிரீஸ் வைக்கச் சோம்பல்பட்ட பழைய டிரைவர் முன்பென்றால் என் வாயில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். இப்போது திட்டக்கூட மனம் வரவில்லை.

மனைவி இறந்து போனதிலிருந்து இப்படித்தான். அழவில்லை. கல்லு மாதிரி நிக்கிறாரே என்று சொந்தக்காரர்கள் பேசியது காதில் விழுந்தது. கல்லும் இல்லை, ஒன்றும் இல்லை. பசித்தால் தின்றேன், தூக்கம் வந்தால் படுத்தேன்.

"ஒரு தடவையாவது அழுதுடுங்கப்பா" என்று மகள் கேட்டுப் பார்த்தாள்.

"வந்தா அழ மாட்டேனாம்மா?" என்றேன். அது பொய்யில்லை.

மச்சினன் துளைகளை வெல்டிங் வைத்து நிரப்பினான். நான் போரிங் மிஷினைக் கட்டி, மறுபடி வட்டமாகக் கடைந்து எடுத்தேன். புது புஷ் துளையைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும், அப்படி இருந்தால்தான் பிடிக்கும். அடித்து ஏற்றினால் வெடித்துவிடும். அதனால் அதை உறைய வைப்போம். குளிரில் கொஞ்சம் சுருங்கும். எடுத்த கையோடு உள்ளே விட்டால் போய் உட்கார்ந்து, பிறகு விரிந்து இறுகிவிடும். எடுத்த கையோடு என்றால் எடுத்த கையோடுதான். நடுவில் ஒரு தும்மல் வந்தாலும் பாதி வழியில் சிக்கி நம் உயிரை வாங்கும்.

இதற்கு எப்போதும் எங்கள் வீட்டு ஃப்ரீசர்தான். பாலித்தீன் பையில் சுற்றி நான் பாட்டுக்குத் திணிப்பேன். "சாப்பாட்டுக்கு நடுவுல இரும்பு! உங்களுக்கும் ஒரு பொண்ணக் குடுத்தாங்க பாருங்க" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு, உள்ளே இருப்பதையெல்லாம் மாற்றி அடுக்கி இடம் பண்ணுவாள்.

அந்த ஃப்ரீசரில் இப்போது அவள் சமைத்த கோழிக்கறி ஒரு டப்பா இருந்தது. சின்ன ஆபரேஷன்தான் என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன், "நான் வர்ற வரைக்கும் அப்பாவும் பொண்ணும் பட்டினி கிடக்க வேணாம்" என்று சமைத்து, டப்பா டப்பாவாக உறைய வைத்துவிட்டுப் போனாள். வந்துவிடுவாள் என்ற தைரியத்தில் ஒவ்வொன்றாகத் தின்றோம், உப்பு கூட என்று குறை வேறு சொல்லிக்கொண்டு. அவள் கைக்கு எப்போதும் உப்பு கூடத்தான். நான் சொல்லிக்காட்டினால் பட்டென்று ஒரு பதில் வரும், அதுவும் எப்போதும் ஒரே பதில்தான். அவள் வரவில்லை, ஒரு டப்பா மிஞ்சியது. அதை யாரும் தொடக் கூடாது என்பது மகள் போட்ட சட்டம். மருந்துக் கடை வேலை முடிந்து வந்ததும் ஃப்ரீசரைத் திறந்து அதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு மூடிவிட்டுத்தான் முகம் கழுவப் போவாள்.

மகள் வேலைக்குக் கிளம்பிய பிறகு புஷ்களைக் கொண்டுபோனேன். உள்ளே இடம் இல்லை. ஐஸ் தட்டு, பட்டாணிப் பாக்கெட், டப்பா எல்லாவற்றையும் எடுத்துச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, புஷ்களை அடுக்கிக் கதவைச் சாத்தினேன். பிற்பகல் திரும்பி வந்து புஷ்களை எடுத்து ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு போனேன். மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. அந்தச் சமையலறையில் நான் இப்போதெல்லாம் எதையும் பார்ப்பதில்லை.

பட்டறையில் மச்சினன் துளையைச் சுற்றி கேஸ் டார்ச்சால் இளஞ்சூடு காட்டினான். புஷ்ஷில் இருக்கும் கிரீஸ் ஓட்டை வண்டியின் கிரீஸ் வழிக்கு நேராக நிற்க வேண்டும். அதற்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டிருந்தேன். கையுறை மாட்டி முதல் புஷ்ஷை எடுத்துத் துளையின் வாயில் வைத்தேன்.

"ஃப்ரீசர்ல எடம் எப்படி மாமா பத்துச்சு?" என்றான் மச்சினன். "அக்காவோட டப்பா இருக்குமே."

"மேடைல இருக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று எனக்கே விளங்கியது. கை மட்டும் நிற்கவில்லை. கோட்டுக்கு நேராகப் பிடித்து விட்டது, புஷ் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது.

"மாமா, நீங்க வீட்டுக்குப் போங்க."

"இன்னொண்ணு இருக்கு. சூடு ஆறிடும்."

"இரும்புதானே மாமா! சிக்குனா வெட்டி எடுத்துக்கலாம், போங்க" என்று கத்தினான். அவன் என்னிடம் குரல் உயர்த்தியது இதுவே முதல் தடவை. நான் இரண்டாவதையும் எடுத்தேன். அதுவும் ஒழுங்காக, ஓட்டைக்கு ஓட்டை நேராகப் போய் நின்றது. வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. அவள் கடைசியாகச் சமைத்தது அங்கே உருகிக்கொண்டிருக்க, இந்தக் கைகளுக்கு வேலை பிசகவில்லை. அந்தக் கைகளைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது. அவள் போன பிறகு எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

வீட்டுக்குப் போனபோது மகள் வந்துவிட்டிருந்தாள். காலி டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது. அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது.

"நான் தெரியாமத்தான்மா..." என்றேன்.

"தெரியும்பா." அவள் திரும்பவில்லை. "இனிமே திரும்ப வெச்சா கெட்டுத்தான் போகும். மோந்து பாத்தேன், நல்லாத்தான் இருக்கு. மாமாவையும் வரச் சொல்லியிருக்கேன்."

மச்சினன் கிரீஸ் கையோடு வந்து, கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். மகள் கறியை மூன்று தட்டிலும் சமமாகப் பங்கிட்டாள். சட்டியில் ஒட்டியிருந்ததைச் சோறு போட்டுத் துடைத்து, அதையும் மூன்றாகப் பிரித்தாள். நான் முதல் வாய் வைத்தேன்.

"உப்ப அள்ளிக் கொட்டியிருக்கா" என்றது என் வாய். பழக்கம்தான்.

மச்சினன் சாப்பிடுவதை நிறுத்தினான். மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், அவள் அம்மா சொல்கிற அதே வேகத்தில் சொன்னாள்:

"பிடிக்கலன்னா பட்டறைக்குப் போயி கிரீஸ நக்குங்க."

மச்சினன் குபீரென்று சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்புதான் வந்தது. பாதிச் சிரிப்பிலேயே, சோறு வாயில் இருக்க, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதேன். மகள் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

நான் குடிக்கவில்லை. குடித்தால் அந்த உப்பு போய்விடும்.