அங்கம்மா வீட்டு ஒயின் கிணறு

யுத்தம் தொடங்கிய மறு வருஷம், ஆனி மாதத்தில், காலடிப்பேட்டை அங்கம்மா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஊறுவது நின்று திராட்சை ஒயின் ஊறத் தொடங்கியது. அவள் புருஷன் தண்டபாணி கரி அள்ளிப்போடும் வேலைக்குப் போயிருந்த வெள்ளைக்காரக் கப்பல், இத்தாலியில் ஜெனோவா துறைமுகத்தில் பிடிபட்டதும் அந்த மாதம்தான். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் உண்டென்று முதலில் யாருக்கும் தோன்றவில்லை. இனிமேல் குடிக்கவும் குளிக்கவும் தெருக்குழாயில் நிற்க வேண்டுமே என்ற அலுப்புதான் அங்கம்மாவுக்கு. கருவாடு விற்றுவிட்டு வந்ததும் கூடை இறங்கிய இடுப்பில் குடம் ஏறியது. தெருக்காரர்கள் ஒரு வாய் குடித்துப் பார்த்து, கள்ளுக்கு இது ஈடாகுமா, ஒரே துவர்ப்பு என்று துப்பிவிட்டுப் போனார்கள்.

சம்பந்தத்தைக் கண்டுபிடித்தவர் தண்டையார்பேட்டை அத்தாவுல்லா. தண்டபாணியின் தோஸ்து, இத்தாலியக் கப்பல்களில் பீப்பாய் உருட்டியே வயசைத் தொலைத்தவர். ஹராம் என்பதால் ஒரு சொட்டு அவர் நாக்கில் பட்டதில்லை, மூக்குக்கு மட்டும் எல்லாம் தெரியும். கிணற்றில் குனிந்து முகர்ந்தார். ரோஜாவும் படகுக்குப் பூசும் கீலும் கலந்த வாசனை. இத்தாலிக்கு வடக்கே மலையடிவாரத்து நெபியோலோ திராட்சை, மூடுபனி இறங்கிய பிறகுதான் பறிப்பார்கள், பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடக்கும் என்றார். பிடிபட்டவர்களைத் திராட்சைத் தோட்ட வேலைக்கு விட்டிருப்பார்களாம்.

"உயிரோட கீறான், தங்கச்சி," என்றார். அன்றுதான் அங்கம்மா அழுதாள்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் வந்து முகர்ந்துவிட்டுப் போவார். ஒரு வருஷம் உலர்ந்த பழ வாடை வந்தது. வெரோனா பக்கம் போயிருக்கிறான், அங்கே குலைகளைப் பரண்மேல் பரப்பி மாதக்கணக்கில் வற்றவைத்துத்தான் பிழிவார்கள் என்றார். கருவாட்டுக்காரிக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. கடைசியில் நம் தொழிலுக்கே வந்துவிட்டானே என்று சிரித்தாள். அடுத்த கோடையில் காடி நெடி அடித்தது. ஒயின் கெடுகிறது, அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ என்று அத்தாவுல்லா இழுத்தார். கெட ஆரம்பிக்கும் எதற்கும் அங்கம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எண்ணூர் உப்பை மூட்டையோடு தூக்கிக் கிணற்றில் கொட்டினாள்.

"மீனுக்குப் போடுறத அதுல ஏம்மா கொட்ன? இனிமே இன்னா தெரியும்?" என்று தலையில் கைவைத்தார் அவர்.

உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை. யுத்தம் முடிந்தது, பிடிபட்ட கப்பலாட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், கிணறு ஊமையாகவே கிடந்தது. தன் கையாலேயே அவனைக் கொன்றுவிட்டோம் என்ற நினைப்பு அங்கம்மாவை அரித்தது. அதை யாரிடமும் சொல்லாமல் குடம் சுமந்தாள். சுதந்திரத்துக்கு முந்தின கோடையில்தான் உப்பை மீறிக்கொண்டு சாராய வீரியமும் காய்ச்சிய வெல்ல மணமும் எழுந்தன. மர்சாலா என்றார் அத்தாவுல்லா. தெற்குக் கோடியில் சிசிலித் தீவு. கப்பலில் கெடாமலிருக்க ஒயினில் சாராயம் சேர்ப்பார்கள்.

"அங்கயும் உப்பளம் கீது," என்று அவளைப் பார்க்காமல் சொன்னார்.

காகிதம் தொலைத்தவனை எந்தக் கப்பலும் ஏற்றாததால் தண்டபாணி நடந்தும் தோணியேறியும் தெற்கே வந்திருக்கிறான் என்று இருவரும் முடிவுகட்டினார்கள்.

மதுவிலக்கு வந்ததும் போலீஸ் வந்தது. கிணற்றைக் கைதுசெய்ய வழியில்லாததால் பலகை போட்டுப் பூட்டினார்கள். அத்தாவுல்லா பலகை இடுக்கில் மூக்கை வைத்தார். மர்சாலா, மர்சாலா என்றே காலம் ஓடியது. ஒரு தை மாதத்து வெள்ளிக்கிழமை நிமிர்ந்தவர், வாசனையே இல்லை என்றார். அங்கம்மா மீன் கத்தியால் பூட்டை நெம்பினாள். உள்ளே தண்ணீர். அவன் இத்தாலி மண்ணின்மேல் இல்லை என்பது தெரிந்தது. கடல்மேல் இருக்கிறானா, மண்ணுக்கடியில் இருக்கிறானா என்று தண்ணீருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் அதைத் தொடாமல் குழாயடிக்கே போய்வந்தாள்.

மாசி வெயிலில் ஒரு மத்தியானம் தண்டபாணி வாசலில் வந்து நின்றான். தலை நரைத்திருந்தது, நகக்கண்களெல்லாம் கருஞ்சிவப்பு. எங்கெங்கே இருந்தேன், ஏன் இத்தனை தாமதம் என்று சொல்ல ஆரம்பித்தான். மூடுபனி, பரண், உப்பளம் எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். பாதியில் நிறுத்தி, குடிக்கத் தண்ணீர் கேட்டான். கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அங்கம்மா எழுந்திருக்கவில்லை. இடுப்பு வலித்தது.

"கெணத்துல கீது, மொண்டு குடிய்யா," என்றாள். "எனக்கும் ஒரு சொம்பு கொண்டா."