பொன்னாடையில் வடித்த தயிர்

ஏதென்ஸில் மூன்று நாள் சுற்றுலா முடித்த பூவரசன், விழுப்புரத்தில் இறங்கும்போது கிரேக்கராகவே இறங்கினார். அவர் தலைவராக இருக்கும் ஆரோக்கிய வாழ்வுச் சங்கத்தில் அதுவரை கேப்பைக் கூழ்தான் அமுதம். இனிமேல் கிரேக்க சாலட். ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் மண்டபத்தில் நாற்பது பேருக்குச் செய்துகாட்டுவதாக அறிவித்தும்விட்டார். செய்யப்போவது சமையற்காரி இசைவாணி, காட்டப்போவது அவர். நன்றாக அமைந்தால் மாதக் கூட்டச் சமையல் எல்லாம் அவளுக்கே என்று பேச்சு. பதினோரு வருஷம் கல்யாணச் சமையலில் பிறருக்குக் கீழே வெங்காயம் நறுக்கியவளுக்கு, தன் பேரில் வரும் முதல் வேலை அது.

அன்று காலையில் அவர் வீட்டுக்கு வந்து, சாலட்டின் மேல் ஊற்ற வேண்டிய தயிரை வடியக் கட்டுவதற்கு இட்லித் துணியை விரித்தாள். பூவரசன் முகம் சுளித்தார்.

“கிரேக்க சாலட்டுக்கு இட்லித் துணியா? வெளிய சொன்னா சிரிப்பாங்கம்மா.”

பீரோ திறந்தது. போன வாரம் கண்டாச்சிபுரம் விழாவில் அவருக்குப் போர்த்திய சிவப்புப் பொன்னாடை வந்தது. சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம் அதைப் போர்த்திக்கொண்டு பேசியவர், நடுநடுவே கழுத்தையும் அக்குளையும் அதிலேயே துடைத்ததை, அங்கே பந்தியில் பரிமாறிய இசைவாணி பார்த்திருந்தாள். துவைச்சீங்களா என்று கேட்டாள். மரியாதையை யாராவது துவைப்பார்களா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

கொஞ்சம் தயிர் பொன்னாடைக்குள் போனது. அவர் குளிக்கப் போன நேரத்தில், மீதி மொத்தத்தையும் இட்லித் துணியில் கட்டித் தன் பெரிய தூக்குவாளிக்குள் இறக்கினாள்.

காரில் பொன்னாடை மூட்டை ஜன்னலுக்கு மேல் கைப்பிடியில் தொங்கியது. சுங்கச்சாவடிக்கு முன்னாலேயே இளஞ்சிவப்பாகச் சொட்ட ஆரம்பித்தது. வியர்வை, அந்துருண்டை, ஜவ்வாது, புளிப்பு, எல்லாம் ஏசிக் காற்றில் சுற்றிச் சுற்றி வந்தன. இசைவாணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பூவரசன் கண்ணாடியை இறக்கவில்லை, மணம் போய்விடுமாம்.

மண்டபத்தில் வெள்ளரி, தக்காளி, குடைமிளகாய், பன்னீர், ஆலிவ் எல்லாம் நறுக்கியாயிற்று. மூட்டையைப் பிரித்தாள். வீங்கிய ஈறு நிறத்தில் தயிர். அதில் ஒரு ஜரிகை இழை; ஒரு நரைமுடி. இதைப் பந்திக்குப் போட்டால் அவள் பேர் போகும். போடமாட்டேன் என்றால் வேலை போகும்.

தூக்குவாளித் தயிரில் பூண்டும் எலுமிச்சையும் மிளகும் கலந்து எல்லாத் தட்டிலும் ஊற்றினாள். தலைவர் தட்டில் மட்டும் பொன்னாடைத் தயிர்.

மைக் முன்னால் பூவரசன் ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணில் நீர் கட்டியது. அதன் ருசியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசி முடித்திருந்ததால் துப்ப வழியில்லை.

“இதாங்க அசலு,” என்று விழுங்கினார்.

பக்கத்தில் சிறப்பு விருந்தினர் டாக்டர் ஆர்த்தி, தன் தட்டை வழித்துவிட்டு இன்னொரு தட்டு கேட்டார். பிறகு மூக்கைச் சுருக்கி, தலைவருடையது மட்டும் ஏன் சிவப்பு என்றார்.

“அவருக்குப் போத்துன பொன்னாடையில வடிச்சதுங்க. அவரே குடுத்தாரு. மத்தவங்களுக்கு இட்லித் துணிதான்.”

ஆர்த்தி நாற்காலியை ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டார். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். கைதட்டல் கேட்டால் பூவரசனுக்கு எதுவும் இறங்கும். நரைமுடியும் இறங்கியது.

மாதச் சமையல் இசைவாணிக்கே என்று அங்கேயே அறிவித்தார். ஒரே நிபந்தனை: தலைவர் தட்டுக்குப் பொன்னாடைத் தயிர்தான். பீரோவில் இன்னும் அறுபத்திரண்டு இருக்கிறதாம்.

சரிங்க என்றாள். காரில் வரவில்லை, பஸ்ஸில் போய்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, போகிற வழியில் புது இட்லித் துணி இரண்டு வாங்கிக்கொண்டாள்.