ஒரே சட்டி

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. குட்டி சாப்பிடக் கூடாததை வேறு யாரும் சாப்பிடக் கூடாது. குட்டி அந்த வீட்டின் சின்ன மகள், ஒன்பது வயது. வேர்க்கடலை ஒரு துணுக்கு உள்ளே போனாலும் உதடு வீங்கி மூச்சு இழுத்துக்கொள்ளும். "அதுக்காக நாமளுமா?" என்று வீட்டுக்காரர் ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை முனகிப் பார்த்தார். குட்டியின் அம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். எல்லாரும் சாப்பிட, என் பிள்ளை மட்டும் தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக் கூடாது என்பது அவள் பிடித்த பிடி. இத்தனைக்கும் அவளுக்குக் கடலை என்றால் உயிர். கல்யாணத்துக்கு முன்பு பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு போய்ச் சேருவதற்குள் ஒரு பொட்டலத்தைக் காலி செய்கிறவள். குட்டிக்காக அதன் வாசனையையே மறந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அடுப்படியில்தான் பாடம். சுவரில் ஒரு வரைபடம் தொங்கும். வாரம் ஒரு ஊர்ப்பக்கம். அங்கே மழை எவ்வளவு, என்ன விளையும், சனங்கள் என்ன வேலை செய்கிறார்கள், அதனால் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பதினாலு வயதுப் பெரியவள் வாசிப்பாள். குட்டி அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவாள். பிறகு அந்த ஊர்ச் சமையல். அவர்கள் கடலை அரைத்து ஊற்றும் குழம்புக்கு அம்மா பூசணி விதையை வறுத்து அரைப்பாள்.

"அந்த ஊர்க்காரங்களும் இதேதான் போடுவாங்களாம்மா?" என்று குட்டி ஒரு தடவை கேட்டாள்.

"அச்சு அசல் இதேதான்டி."

பொய்தான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவும் பெரியவளும் பந்து விளையாடப் போவார்கள். வந்ததும் குளித்து, சட்டை மாற்றி, பல்லும் தேய்த்துவிட்டுத்தான் குட்டி பக்கத்திலேயே வருவார்கள். யாரும் சொல்லாமலே! "வெளியில போயிட்டு வந்தா பல்லுகூடத் தேய்ப்பாங்க, அப்படி ஒரு பாசம்" என்று அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பீற்றிக்கொள்ளாத நாள் இல்லை.

ஒரு புதன்கிழமை, ஓட்டலில் பரிமாறுகிறவர் ஒருவர் ரத்தம் கொடுக்க வந்தார். கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு அவள் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் மேசைமேல் இருந்த குடும்பப் படத்தில் பெரியவளைக் காட்டினார்.

"அட, இந்தப் பாப்பா உங்க பொண்ணா? வாராவாரம் அப்பாவோட எங்க கடைக்கு வருமே. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு ஊர்ச் சாப்பாடு. 'கடலை அரைச்சு ஊத்தினதுதானே?'ன்னு கேட்டுக் கேட்டு வாங்கும். ரெண்டு வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமை தப்பினதில்லை."

அவள் ஊசியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். பக்கத்து நாற்காலிக்காரியைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னாள். பல் தேய்த்தது எதற்கென்று இப்போது புரிந்தது. பாசமாவது மண்ணாவது. மோசம் போய்விட்டோம்.

வீட்டுக்குப் போனதும் பையைக்கூட இறக்கவில்லை.

"ரெண்டு வருஷமா என் தலையில மிளகா அரைச்சிருக்கீங்களே!"

வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்தார். "பெரியவளும் பிள்ளைதானே? அந்த ஊரு, இந்த ஊருன்னு சொல்லி ஆசையைக் கிளப்பிவிட்டுட்டு பூசணி விதையைக் கொடுத்தா அவ என்ன பண்ணுவா?"

"எனக்கு ஆசை இல்லையா? நான் விடலையா? சரி, அதை விடுங்க. இது குட்டிக்குத் தெரிஞ்சா அவ மனசு என்ன பாடுபடும்? அதை நெனச்சீங்களா?"

பெரியவள் தரையைப் பார்த்தாள். அறை வாசலில் குட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பாவைத் திட்டாதம்மா. நான்தான் போகச் சொன்னேன்."

"என்னடி சொல்றே?"

"நீ செய்றது நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அந்த ஊர்ல அப்படி இல்லைன்னு அக்காவோட பள்ளிக்கூடப் புஸ்தகத்திலயே இருக்கு. அதான் நிஜமா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும்னு ஆசை. அக்கா சாப்பிட்டுட்டு வந்து எனக்குச் சொல்லுவா. பல் தேய்க்கணும்னு சொன்னதும் நான்தான்."

"என்கிட்ட ஏன்டி சொல்லலை?"

"சொன்னா நீ அழுவே. அதனால உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நாங்க மூணு பேரும் பேசிவெச்சோம்."

மூன்று பேரும். ஒரு சட்டிக்குள் நாலு பேரையும் கட்டி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு இத்தனை நாள் கிண்டிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். வீட்டுக்காரர் செய்ததைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடலாம். இந்தச் சின்ன வாயும் அவர்களோடு சேர்ந்துகொண்டு தன்னை ஏமாற்றியதை அவளால் தாங்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

குட்டி பக்கத்தில் வந்து அவள் புடவைத் தலைப்பாலேயே அவள் முகத்தைத் துடைத்தாள்.

"அழாதம்மா. உனக்கும் கடலை பிடிக்கும்னு அப்பா சொன்னார். வர்ற வாரம் நீயும் அவங்களோட போயிட்டு வா. நான் தனியா இருந்துக்கறேன்."