விடிவதற்குள் பெருக்கிவிட வேண்டும்

"எங்கடா உன் பொண்டாட்டி? வெளிய வரச் சொல்லு!"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் உதைத்த உதையில் வாட்ச்மேன் அறையின் தகரக் கதவு சுவரில் போய் மோதியது. அடுப்பில் இருந்த பாலை இறக்காமலே அவள் வெளியே வந்தாள். அறுபது வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பில் கார் நிறுத்துமிடத்தைப் பெருக்குவது அவள் வேலை. வாசலில் காவல் நிற்பது அவள் புருஷன் வேலை. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அந்த ஒற்றை அறை, வேலை இருக்கும்வரைதான் அவர்களுக்கு.

"ஆறரை மணிக்கு லிஃப்ட்ல இருந்து இறங்கறேன், துடைப்பமும் கையுமா எதிர்ல நிக்கறா. இவ முகத்துல முழிச்சிட்டுப் போனேன், போன காரியம் விளங்கல. விடியறதுக்குள்ள பெருக்கிட்டு உள்ள போயிடணும்னு எத்தனை தடவை சொல்றது? இன்னொரு தரம் பார்த்தேன், ரூமைக் காலி பண்ணிட்டு ரெண்டு பேரும் நடையக் கட்டுங்க!"

காரியம் ஏன் விளங்கவில்லை என்று போன இடத்திலேயே கேட்டிருக்கலாம். கேட்பாரா? படித்த மனுஷர், பெரிய உத்தியோகம்; ஆனாலும் பழி போட அவருக்கு ஒரு பெருக்குகிறவளின் முகம் வேண்டியிருந்தது.

புருஷன் கைகட்டி நின்றான். அவள்தான் வாய் திறந்தாள்.

"இருட்டுல பேப்பரும் இலையும்தான் சார் கண்ணுக்குத் தெரியுது. டயர்லயும் பிரேக்லயும் உதிர்ற கரித்தூள், எண்ணெய்ல ஊறின மண்ணு, அதெல்லாம் தெரியல. மழை வந்தா அத்தனையும் மழைத்தண்ணி சேமிக்கற வடிகால் வழியா நம்ம கிணத்துக்குள்ளதான் போகும். நீங்க குளிக்கற தண்ணி சார்."

"எனக்கே பாடம் எடுக்கறியா? வாய மூடிட்டு சொன்னதச் செய்."

அவர் தலை மறைந்ததும் புருஷன் அவள்மேல் பாய்ந்தான். "உனக்கு எதுக்குடி ஊர்வம்பு? தெருவுல நிக்கணுமா நாம?" பால் பொங்கி அடுப்பே அணைந்து கிடந்தது.

பத்து நாள் இருட்டில் துழாவித் துழாவிப் பெருக்கினாள். பதினோராவது நாள் மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் அறுபது வீட்டுக் குழாயிலும் கறுப்புத் தண்ணீர். செயலாளரின் வெள்ளைச் சட்டை எல்லாம் சாம்பல் நிறம்.

தண்ணீரைச் சோதிக்க வந்தவர் சிரித்தார். "கிணத்துல ஒரு கோளாறும் இல்ல. உங்க கார்ல இருந்து உதிர்ந்தது உங்க வீட்டுக்கே வருது. கிணத்த இறைச்சுட்டு, இனிமே மழைக்கு முன்ன தரைய ஒழுங்காப் பெருக்குங்க. பாதித் தொல்லை தீர்ந்துடும்."

இதையே அவள் சொன்னபோது மட்டும் காது அடைத்திருந்தது!

ஒரு வாரத்தில் பெருக்கும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு வரவழைத்தார்கள். நடுப்பகல்போல் வெளிச்சம் அடிக்கும் காலை எட்டு மணிக்கு அது வந்தது. குடும்பம் குடும்பமாக இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். ஓட்டி வந்தவனுக்குக் காபி. துடைப்பத்தை மோட்டாரில் மாட்டினால் தோஷம் போய்விடும் போலிருக்கிறது.

ஆனால் நின்ற கார்களுக்கு அடியில் அது நுழையவில்லை. மூலைகளும் அப்படியே கிடந்தன. செயலாளர் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். "மிச்சத்த உன் பொண்டாட்டி பெருக்கட்டும். விடியறதுக்குள்ள."

அறை வாசலில் நின்றவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே வந்தாள்.

"வெளிச்சத்துலதான் பெருக்குவேன் சார். ரூமைக் காலி பண்ணணும்னா இப்பவே சொல்லுங்க, மூட்டை கட்டிடறேன். அப்புறம் கார் அடியில நீங்களே குனிஞ்சுக்கோங்க."

"அவ பெருக்கட்டும் சார்," என்று மூன்றாம் மாடி அம்மா கத்தினாள். "என் பிள்ளைங்களுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. உங்க சகுனத்த நீங்களே வச்சுக்கோங்க!"

துடைப்பத்தோடு அவள் நேரே செயலாளரின் காருக்குத்தான் போனாள்.

"வண்டிய எடுத்துடாதீங்க சார். அடியிலதான் நிறையக் கிடக்கு."

அவருக்கு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் இருக்கச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அவள் குந்தி உட்கார்ந்து நான்கு சக்கரத்தையும் சுற்றி நிதானமாகப் பெருக்கினாள். கரித்தூளை அள்ளிச் சாக்கில் கொட்டினாள். பிறகு திரும்பி வந்து, அதே இடத்தை இன்னொரு முறை பெருக்க ஆரம்பித்தாள்.